பதினொரு பேர், பன்னிரண்டு குரல்

அந்த எண்ணிக்கை நோட்டு இன்னும் இருக்கிறது. நீல அட்டை, ஓரத்தில் எலி கடித்த தடம். எங்கள் நாடகக் குழுவின் செயலாளர் தன் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறான். இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டிச் சொன்னால் அசிங்கம் எனக்குத்தான்.

போர் தொடங்கி இரண்டாவது வருஷம். கல்லூரியில் பாதி வகுப்புகள் நடக்கவில்லை. ஆனால் மன்றங்கள் மட்டும் அமர்க்களமாக நடந்தன. சதுரங்கம், புகைப்படம், பேச்சு... விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து விமானச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க யாருக்கும் தைரியம் இல்லை. நான் நாடகக் குழுவில் இருந்தேன். மொத்தம் பன்னிரண்டு பேர். செயலாளருக்கு மீசை என்று பட்டப்பெயர். நாலு முடிதான் இருக்கும், அதையும் தடவிக்கொண்டே இருப்பான். எனக்குக் கிசுகிசு. மேடைக்குப் பக்கத்தில் மறைந்து நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

குழுவில் இருந்த இன்னொருத்தியை வெண்கலம் என்போம். குரல் அப்படி. கணீரென்று கடைசி வரிசை வரை போகும்.

அவள் என் அறைத்தோழி. காலை வகுப்புக்கு அவள் தூங்கிவிட்டால் அவள் குரலில் நான் ஆஜர் சொல்வேன். நான் தூங்கினால் என் குரலில் அவள் சொல்வாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடப் பிடிபட்டதில்லை. அவ்வளவு சிநேகம். அந்த வருஷம் கதாநாயகி வேஷம் எனக்குத்தான் என்று நாடக சார் வாய்விட்டே சொல்லியிருந்தார். அதற்காக அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுடைய சிவப்புக் கம்பளிச் சால்வையை வாங்கி வந்திருந்தேன். கடைசியில் பட்டியலில் வெண்கலத்தின் பெயர் இருந்தது.

"உன் குரல் பத்தடிக்கு மேல போகாதும்மா," என்றார் சார்.

சால்வையும் அவள் தோளுக்கே போனது. அது அவளுக்கு அழகாகப் பொருந்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. வயிறு எரிந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் ஒரு வரியையாவது மறக்க மாட்டாளா என்று நோட்டும் கையுமாகக் காத்திருந்தேன். பாவி, மறக்கவே இல்லை.

கலையரங்கத்துக்குக் கீழே ஒரு நிலவறை. அபாயச் சங்கு ஊதினால் குழு முழுவதும் அங்கே இறங்க வேண்டும். விளக்கு கூடாது. இருட்டில் முகம் தெரியாது என்பதால் ஆளுக்கு ஓர் எண். மீசை "ம்" என்றதும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகச் சொல்வோம். இருட்டில் ஒளிரும் ரேடியம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் அந்த நோட்டில் டிக் போடுவான். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் காவலாளி உள்ளிருந்து கதவைத் தாழிடுவார். தாழிட்டால் மறு சங்கு வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. யாராவது குறைந்தால் மீசையே மேலே ஓடிப்போய்த் தேடி அழைத்து வர வேண்டும். பக்கத்தில் குண்டு விழுந்தால் இன்னொரு முறை எண்ணிக்கை.

நான் ஏழு. அவள் எட்டு.

அன்று மாலை 6:52-க்குச் சங்கு ஊதியது. ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினோம். படிக்கட்டில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க அக்கா சால்வை மேலேயே இருக்குடி. எடுத்துட்டு வந்துடறேன்."

"விடு, பரவாயில்ல."

"உங்க அக்கா உன்னைக் கொன்னுடுவாங்க. ரெண்டே நிமிஷம்."

ஓடிவிட்டாள்.

6:55. எண்ணிக்கை தொடங்கியது. ஒன்று... இரண்டு... எனக்கு ஒரே நினைப்புதான். இப்போது எட்டு குறையும். மீசை பதறிக்கொண்டு ஓடுவான். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி இறங்கி வருவாள். எல்லோரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். இங்கேயும் அவள்தான் கதாநாயகி.

அதுவரை பத்தொன்பது முறை சங்கு ஊதியிருந்தது. ஒருமுறைகூட எங்கள் பக்கம் எதுவும் விழுந்ததில்லை. அரைமணி நேரம் தனியாகக் கிடந்து பயப்படட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

"ஏழு," என்றேன்.

பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, அவள் குரலில்...

"எட்டு."

பன்னிரண்டு வரை போனது. 6:56. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மேலே விமானங்களின் இரைச்சல். வேறெதுவும் கேட்கவில்லை.

6:58.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. தரை எங்களைத் தூக்கிப் போட்டது. காதுக்குள் ஒரே ரீங்காரம். கூரையிலிருந்து காரை உதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ அழுதார்கள்.

அப்போது என் வலப்பக்கம் கம்பளி உரசியது.

அது அவளுடைய இடம். அதுவரை காலியாக இருந்த இடம்.

"கொஞ்சம் தள்ளி உட்காருடி," என்றாள்.

வந்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. எப்படியோ தப்பித்துவிட்டாள், இதிலும் அதிர்ஷ்டக்காரி. அதற்குப் பிறகுதான் உறைத்தது...

கதவு திறக்கவே இல்லை.

"எப்போ வந்தே?"

காது கொடுத்தேன்.

மூச்சுச் சத்தமும் இல்லை.

7:01. மீசையின் குரல். "எல்லாரும் இருக்கீங்களா? ம்... சொல்லுங்க."

ஒன்று... இரண்டு... எல்லாக் குரலும் நடுங்கியது.

என் முறை வந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ரீங்காரத்தில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. என் எண்ணைத் தாண்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு, என் காதோரம்...

"எட்டு."

நான் மெல்லக் கையை நீட்டினேன்.

கம்பளி தட்டுப்பட்டது.

அதற்குள்ளே...

தோள் இல்லை.

சில்லென்று சுவர்.

7:26. மறு சங்கு ஊதியது. காவலாளி விளக்கை ஏற்றினார். என் பக்கத்தில் யாரும் இல்லை. சால்வையும் இல்லை. பெஞ்சு முழுக்க வெள்ளையாகக் காரைத்தூள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுத்தமாக, ஆளுக்கு ஒன்றாகத் தெரிந்தது. என் வலப்பக்கத்திலும் ஓர் ஆள் அகலத்துக்குத் தூள் இல்லை.

கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே படிக்கட்டு இடிந்து விழுந்திருந்தது. காற்றுத் துவாரத்தை இடித்து எங்களை மேலே தூக்கினார்கள். மறுநாள் இடிபாட்டை அள்ளியபோது அவளைக் கண்டார்கள். கடைசிப் படியில், கதவை ஒட்டி. தோளில் அக்காவின் சால்வை. கைக்கடிகாரம் 6:58-இல் நின்றிருந்தது.

காவலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தாழ் போட்ட உடனே யாரோ தட்டினாங்கம்மா. 'எட்டு வந்திருக்கேன், திறங்க'ன்னு கேட்டுச்சு. எட்டுதான் உள்ளே சொல்லியாச்சே, யாரோ விளையாடறாங்கன்னு விட்டுட்டேன்."

நான் அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாடகம் அவள் நினைவாக நடந்தது. வேஷம் எனக்குக் கிடைத்தது. சார் எப்படி மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

போர் முடிந்து நாலு வருஷம் கழித்து மீசையின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காபி வைத்துவிட்டு உள்ளே போனதும் அந்த நோட்டை எடுத்து வந்தான். 7:01 என்று எழுதிய பக்கம். பன்னிரண்டு எண்ணுக்கும் டிக் போட்டிருந்தான்.

"முதல் தடவை எட்டுன்னப்போ என்னமோ சந்தேகமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை அவ குரலேதான். எல்லாரும் கேட்டோம். அது எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் புரியல."

நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு," என்றான். "அந்த ரெண்டாவது தடவை ஒருத்தர் குரலும் சரியா வரல. எனக்கே நடுங்குச்சு. நீ சொன்ன 'ஏழு' மட்டும்தான் கணீர்னு கேட்டுச்சு. உன் குரல்தான், ஆனா இவ்வளவு தூரம் வருமான்னு ஆச்சரியமா இருந்தது. அதைச் சொல்லித்தான் சார்கிட்ட உனக்கு அந்த வேஷத்தை வாங்கிக் கொடுத்தேன்."

அந்த இரண்டாவது முறை நான் வாயே திறக்கவில்லை.