நூரியாவின் கடலுக்குச் சாம்பிராணி

கஹவத்தையில் மழைக்குப் பஞ்சமில்லை, கடல்தான் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவள் தையல்காரி நூரியா. பாடசாலைச் சீருடை தைக்கும் முன்னறையில், மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், நீல வெளிச்சம், மென்பவளங்கள். எம்பிலிப்பிட்டிய தாண்டிக் கரையோரம் வரை லொறி ஓட்டும் கணவன் ஜவ்பர்தான் கேன் கேனாகக் கடலைக் கொண்டு வருவான். அவன் குரல் லொறி ஹார்னுக்கு மூத்தது.

"ஊருல பொண்டாட்டிமாரு தங்கம் கேக்குறாங்க. எனக்கு வாச்சவ கடல் கேக்குறா!" என்று தெருவுக்கே அறிவிப்பான். ஆனால் ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கி வைப்பான்.

அளவு கொடுக்க வரும் தோட்டத்துப் பெண்களின் கண்ணும் அங்கேதான் போகும்.

"அக்கா, இது காளானுங்களா?"

"இல்ல, உயிருள்ள பவளம்."

"கொழம்பு வச்சா எப்புடிங்க இருக்கும்?"

வாயில் குண்டூசியோடு சிரிப்பை அடக்குவது நூரியாவுக்குக் கைவந்த கலை.

அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. அந்தப் பவளத்துக்குப் பெயரே காளான் பவளம்தான், குடை முழுக்க மெல்லிய பூந்தளிர்கள் ஆடும். நகக்கண் அளவுத் துண்டிலிருந்து அவள் வளர்த்தது. தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது என்று, வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றுவாள். மெஷின் எண்ணெய் பட்ட கையால் தொட்டி மூடியைக்கூடத் தொடமாட்டாள்.

ஜவ்பரின் அக்கா பஹ்மா, கரவனெல்லயிலிருந்து கை நிறைய இனிப்புத் தொதலும் வாய் நிறையத் துஆவுமாகத் தங்க வந்தாள். தொட்டியைக் கண்டவள் அப்படியே நின்றாள்.

"அல்லாவே, என்ன அழகு! வாற போற எல்லாரும் இதத்தானே பாக்குற. கண்ணூறு படாதா புள்ள?"

வியாழன் மஃரிபுக்கு நூரியா தொழுதுகொண்டிருந்த நேரம், பஹ்மா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினாள். தொட்டிக்கு மட்டும் பாசத்தில் கூடுதலாக. வெளிக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடும் பம்பு உறுமிய பக்கத்தில்தான் சட்டியை நிறைய நேரம் பிடித்தாள்.

விடிந்து பார்த்தால், காளான் தளிரையெல்லாம் உள்ளே இழுத்து, அவித்த கிழங்காகச் சாய்ந்திருந்தது.

"நான் சொன்ன தானே? கண்ணூறேதான்! சட்டிய எடு, இன்னொருக்கா புடிப்போம்!" என்றாள் பஹ்மா.

ஜவ்பர் மெதுவாகப் பேசிய அதிசயம் அன்று நடந்தது. "நூரியா, செத்திருந்தா எடுத்துடுங்க. உள்ளுக்க அழுகினா மத்ததெல்லாம் போயிடும்."

அதுதான் அவள் பயமும். எடுத்தால், உயிரோடு இருப்பதை அவளே கொன்றதாகிவிடும். குனிந்து குமிழிகளை மோந்தாள். கடலில் சாம்பிராணி மணந்தது. பம்பின் மேல் சாம்பல்.

பம்பை நிறுத்தினாள். 'உங்களால்தான்' என்று சொன்னால், பவளத்தைவிட இறுக்கமாக மதினியின் மனசு மூடிக்கொள்ளும்.

"கண்ணூறுதான் மதினி. ஆனா கடலுக்குள்ள உள்ளதுக்கு நெருப்பு ஒத்துக்காது. கரியப் பத்தவைக்காமத்தான் போடணும்" என்று, வடிகட்டிக்கு வாங்கி வைத்திருந்த சிரட்டைக்கரிப் பக்கற்றை நீட்டினாள். "கறுப்புத் தண்ணி போகும்வரைக்கும் கழுவித் தாங்களே."

பஹ்மா பிஸ்மி சொல்லிக் கழுவினாள். நூரியா நைலோன் வலையில் ஒரு பை தைத்து, கரியை நிரப்பி, தண்ணீரில் கரைந்த புகையை அது உறிஞ்சட்டும் என்று வடிகட்டியில் வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் மாற்றினாள். நீரோட்டத்தைக் குடையின் பக்கம் திருப்பினாள்.

சில நாளில் குடைமேல் மெழுகுபோல ஓர் ஏடு படர்ந்தது.

"தோலும் உரியுது. முடிஞ்சி!" என்றான் ஜவ்பர்.

"உரிக்கிறதுக்கும் உயிர் வேணுமே. செத்தா வாட வரும். இன்னும் வரல்ல."

தினமும் அடுப்பு மூட்டுமுன் அவள் தொட்டியை மோந்து பார்த்தாள். பக்கத்திலேயே பஹ்மாவின் மூக்கும் வந்து நின்றது.

ஒரு காலை ஏடு கழன்று மிதந்தது. தளிர்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. "எவ்வளவு அழ..." என்று தொடங்கிய பஹ்மா, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "மாஷா அல்லாஹ்" என்று விரலிடுக்கில் வந்தது.

அன்று மாலை ஜவ்பர் கொசுக்கடி தாங்காமல் நுளம்புத்திரி ஒன்றைப் பற்றவைத்தான்.

"டேய் ஜவ்பர், அணைடா அத! பொக பட்டா புள்ளைட பவளம் மூடிக்கும்னு தெரியாதா ஒனக்கு?"

நூரியாவின் மெஷின் சட்டென நின்றது.

பஹ்மா திரும்பவில்லை, அடுத்த பைக்குக் கரி கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீ ஊசியப் பாத்துத் தைய் புள்ள."