தன் சோதனையைத் தானே கலைத்த பரமசிவம்

பரமசிவம் இறந்த செய்தி வந்தபோது நான் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தின் வாட்சப் குழுவில் யாரோ ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தார்கள். யாருக்கு என்று போடவில்லை. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒரு மனிதர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லியிருந்தார். போனது யார் என்று தெரிந்துகொள்ள நான் ஒவ்வொருவராகப் போன் போட வேண்டியிருந்தது. கடைசியில் ஒருவர், "பரம்சிவம்ஜி, மேடம். ஹார்ட்" என்றார். கடைக்காரர் பையை நீட்டினார். அவர் ஒரு பாவமும் செய்யவில்லை, அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

நம் தமிழ்ச் சங்க மலரில் இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தில்லியில் மலேரியா ஆராய்ச்சி செய்யும் ஓர் அரசு ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் சேர்ந்தோம். நான் கொசுவைப் பிடித்து வளர்ப்பவள். அவர் கொசுவின் உடம்புக்குள் இருக்கும் நொதிகளைப் படித்தவர். நான் மாயவரம், அவர் அம்பாசமுத்திரம். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் 'யக்கா' என்பார். அந்த 'யக்கா' காதில் விழுந்தால் என் சாயங்காலம் போச்சு என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்க முடியாது. ஒரு பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, ரயில்வே போர்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, எந்தக் கொசுவர்த்தி நல்லது என்று தெரியாமல் கேட்டுவிட்டார். பரமசிவம் கையில் தட்டோடு ஆரம்பித்தார். "மருந்து அதோட வேலையச் செய்யுது மாமா. கொசுவும் சும்மா இருக்காது. அது உடம்புல நொதின்னு ஒண்ணு இருக்கு. மருந்து நரம்புக்குப் போய்ச் சேருததுக்குள்ள அத நறுக்கிப் போட்டிரும். நல்லா நறுக்கத் தெரிஞ்ச கொசுதான் பொழைக்கும். அதோட பிள்ளைகதான் நாளைக்கு உங்க வீட்டுக்கு வரும்." பின்னால் வரிசை நகராமல் நின்றது. மாமா, "அதெல்லாம் சரிப்பா, எதை வாங்கட்டும்?" என்றார். "சன்னலுக்கு வலை அடிங்க" என்றார் பரமசிவம். மாமா அதற்குப் பிறகு அவரைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவார்.

பொய்யும் சொல்லத் தெரியாது. ஒருமுறை கொசு பிடித்துக் கூண்டுகளில் அடைத்து, ஈரத்துண்டு போர்த்தி, முனிர்காவிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பாயி சாஹப், இஸ்மே க்யா ஹை?" என்று, உள்ளே என்ன இருக்கிறது எனக் கேட்டார். தயிர் என்று சொல்லியிருக்கலாம். கிளி என்று சொல்லியிருக்கலாம். "மச்சர்" என்று, கொசுவைக் கொசு என்றே சொன்னார் பரமசிவம். எங்களை நடுரோட்டில் இறக்கிவிட்டு அந்த ஆட்டோ போய்விட்டது. மே மாத வெயிலில் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். "அவரு கேட்டாரு, சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க நான் அவரிடம் பேசவில்லை.

இனி அந்தக் குழாய் விஷயம். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தில்லியின் தெற்கு ஓரத்தில் கட்டட வேலை செய்பவர்களின் குடிசைகள் உண்டு. பாதிப் பேர் விழுப்புரம் பக்கத்து ஆட்கள். ஒவ்வொரு மழைக்கும் அங்கே மலேரியா வரும். செல்வி என்று ஒரு பெண், சித்தாள் வேலை பார்ப்பவள். அவள் மகள் இரண்டு மழைக்குத் தொடர்ந்து காய்ச்சல் வந்து பாதியாகிவிட்டாள். அரசாங்கம் அவர்களுக்கு மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்க முடிவு செய்தது. வலையில் இரண்டு வகை. ஒன்றில் கொசுவைக் கொல்லும் மருந்து மட்டும் இருக்கும். இன்னொன்றில் அதோடு ஒரு துணை மருந்தும் இருக்கும். துணை மருந்து கொசுவைக் கொல்லாது. நொதியின் கையைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். அந்த இடத்துக் கொசுக்களுக்கு எந்த வலை வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

சோதனை எளிது. பிளாஸ்டிக் குழாய்களில் கொசுக்களை விட்டு, சிலவற்றில் மருந்துத்தாளை மட்டும் வைப்போம். சிலவற்றில் முதலில் துணை மருந்து, பிறகு மருந்து. மறுநாள் செத்தது எத்தனை என்று பார்ப்போம். எல்லாக் குழாயிலும் கொசு செத்துக் கிடந்தது. சாதாரண வலையே போதும் என்று பரமசிவம் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரிகளுக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் சாதாரண வலை ஏற்கெனவே கிடங்கில் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கொசுவை அரைத்து நொதியின் அளவை நிறத்தில் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் நிறம் அடர்த்தியாக வந்திருந்தது. அவ்வளவு நொதி இருக்கும் கொசு அத்தனை சுலபமாகச் சாகக் கூடாதாம்.

"செத்தது சரிதான் யக்கா. ஏன் செத்துச்சு?"

"பரமசிவம், கொசு செத்தாச்சு. அதுக்குக் காரியம் பண்ணிட்டு வேற வேலையப் பாருங்க."

பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில், கேட்டு நாங்களே மறந்துபோயிருந்த புதுக் குழாய்கள் ஸ்டோரிலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்தன. மறுபடியும் கொசு பிடித்துவரச் சொல்லி என் உயிரை எடுத்தார். புதுக் குழாயில் சோதனை வைத்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மருந்து மட்டும் வைத்த குழாய்களில் பெரும்பாலான கொசுக்கள் ஒன்றும் நடக்காதது போலப் பறந்துகொண்டிருந்தன.

பழைய குழாய்களைக் கழுவியது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். துணை மருந்து பட்ட குழாயைத் தனியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் குழாய் போதாது. எனவே நன்றாக சோப்புப் போட்டுக் கழுவி எல்லாவற்றையும் கலந்து எடுத்துக்கொண்டார். அந்தத் துணை மருந்தோ எண்ணெய் மாதிரி, பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது. மிச்சமிருந்தது எல்லாக் கொசுவின் நொதியையும் கட்டிப்போட்டிருக்கிறது. வலைக்கு இல்லாத பலத்தை அவருடைய சிக்கனம் கொடுத்திருக்கிறது.

"ஸ்டோர்ல குழாய் தரல, அதனால இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அது பொய்யும் இல்லை.

"ஸ்டோர்க்காரனா வந்து கழுவுனான்? தப்பு என்னுது. நான் போய்ச் சொல்லுதேன்."

சொன்னார். கூட்டத்தில் எழுந்து, என் குழாய் அழுக்கு, முதல் அறிக்கையை ரத்து செய்யுங்கள் என்றார். தலைமை தாங்கிய அதிகாரி, "அச்சா, அப்படியானால் உங்கள் இரண்டாவது அறிக்கையை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டார். முடிவுகள் முரணாக உள்ளன, மேலும் ஆய்வு தேவை என்று முடிவாயிற்று. அந்த மழைக்குச் சாதாரண வலையே போயிற்று. எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு மனிதன் உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கிடைத்தது.

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் குடிசைகளுக்குப் போனார். மருந்தை நம்பாதீர்கள், வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், கிழிந்தால் தையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். வீட்டில் அவர் மனைவி கோமதி திட்டினாள், நானும் திட்டினேன். செல்வியின் மகளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர் பரமசிவம்தான். பெண் பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் வேறோர் ஆய்வகமும் அதே முடிவைச் சொன்ன பிறகு, துணை மருந்து சேர்த்த வலை வந்தது. அந்த மழைக்கு செல்வியின் குடிசை வரிசையில் யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஒரு மழையை வீணாக்கிட்டேன் யக்கா என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரங்கல் கூட்டத்துக்கு அதே அதிகாரி வந்திருந்தார். "தன் பணியில் ஒரு தவறும் செய்யாதவர்" என்று பேசினார். கோமதியும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "செய்தார் சார். பெரிய தவறு செய்தார். உங்களிடம்தான் வந்து சொன்னார்" என்றேன். யாரோ என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கோமதி மட்டும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். பரமசிவத்தின் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை அவளுக்குக் கோமதிதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

போன வாரம் செல்வி எனக்குப் போன் செய்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு கேட்டாள்: "வலை குடுத்து மூணு வருசம் ஆவப் போவுதும்மா. மருந்து இன்னும் கேக்குதா, இல்ல கொசு அதையும் தின்னு பழகிடுச்சான்னு மழைக்கு முன்னாடி வந்து பாக்குறேன்னு சார் சொல்லியிருந்தாரு. இனிமே யாரும்மா பாப்பாங்க?"

"நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. விடியற்காலையில் போய் மாட்டுக்கொட்டகைகளில் குனிந்து கொசு பிடிக்க வேண்டும். முடிவு நமக்குப் பிடித்த மாதிரி வந்தால் திரும்பவும் பிடிக்க வேண்டும். அவர் எனக்கு விட்டுப் போனது இந்த வேலை ஒன்றுதான். இதை என் தலையில் கட்டியதற்கு அவரோடு நன்றாக ஒரு சண்டை போட வேண்டும். ஆளைத்தான் காணோம்.