அக்காவின் லாகின்

அலுவலகத்தில் பாதுகாப்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான்தான். யாராவது கணினியைப் பூட்டாமல் தே தாரிக் குடிக்கப் போனால், திரும்பி வரும்வரை காத்திருந்து திட்டுவேன். கெலுகோரில் இருக்கும் என் அம்மாவிடம், வங்கியிலிருந்து போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கடவுளே வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது என்று கறாராகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் மென்பொருள் நிறுவனம். தமிழர்கள் இரண்டே பேர்: நானும், பக்கத்து மேசை அக்காவும். நான் நிரந்தர ஊழியன். அக்கா இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருந்தார். புக்கிட் தெங்காவில் அவர் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால், அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது.

ஒரு வாடிக்கையாளரின் நிரலை மாற்றும் அனுமதி அக்காவுக்கு மட்டும் இருந்தது. எனக்கும் வேண்டுமென்றால் விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். நான் கேட்டதும் அக்கா தன் பாஸ்வர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எடுத்துக்க லா தம்பி, நம்ம புள்ளதானே."

எங்களுக்குள் அப்படித்தான். அக்கா என்று கூப்பிட்ட பிறகு பாரம், விதிமுறை என்று பேசினால் அந்நியப்படுத்துவது போலாகிவிடும். எனக்கும் அது வசதியாக இருந்தது. அடுத்தவர்களுக்குச் சொன்ன சட்டம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவசரமாகச் சோதித்துப் பார்ப்பதற்காக வாடிக்கையாளரின் தரவுத்தளப் பாஸ்வர்டை நிரலுக்குள்ளேயே எழுதினேன். அதை அழிக்க மறந்து, வெளியாரும் திறந்து பார்க்கக்கூடிய இணையக் கிடங்கில் அக்காவின் லாகினில் ஏற்றிவிட்டேன். நிரல்களைச் சோதிக்கும் கருவி ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து எச்சரித்தது. உடனே பாஸ்வர்டை மாற்றினார்கள், யாரும் உள்ளே நுழைந்திருக்கவில்லை. ஆனால் ஏற்றியவர் யார் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

திங்களன்று மேலாளர் அக்காவை அறைக்குள் அழைத்தார். அந்த லாகினை அக்கா வேறு யாருக்கும் கொடுத்ததில்லை, அதனால் இது என் வேலை என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னாராம். உண்மையைச் சொன்னால் பாஸ்வர்ட் கொடுத்த குற்றமும் அக்கா தலையில் விழும், அவர் நல்லதுக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம், அவ்வளவுதான்.

புதன்கிழமை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மேலாளரின் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பாஸ்வர்ட் கொடுத்ததற்காக அக்காவுக்கு இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாத ஒப்பந்தம். எனக்கே அது அநியாயமாகப் பட்டது.

அன்று மாலை மாடிப்படியில் அக்காவை மறித்து மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"செஞ்சது கூட பரவால்ல தம்பி. மூணு நாளா பக்கத்துல ஒக்காந்து, சாப்டாச்சா அக்கான்னு கேட்டியே. அதான் தாங்கல."

கேட்டிருந்தேன். மூன்று நாளும் கேட்டிருந்தேன்.