இரண்டு பக்கமும் பேசியவன்

பெரம்பலூரில் ஆசிரியராக இருந்தபோது விடுமுறை நாட்களில் பட்டிமன்றம் பேசப் போவேன். மலைமேல் நடந்த எல்லைச் சண்டை முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ராணுவத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்று பேப்பரிலும் டீக்கடையிலும் ஒரே வாக்குவாதம். வாசகர் வட்டத்தார் அதையே தலைப்பாக வைத்தார்கள்: நாட்டைக் காப்பது ஆயுதமா, அயல்நாட்டு நட்பா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நட்பு விழுந்தது.

கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பகலில் கூட்டம். பீரங்கி வாங்கும் செலவில் ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி கட்டலாம் என்றேன். வலுவான நாடு ஒன்று நம் தோளில் கைபோட்டு நின்றால் எவன் வாலாட்டுவான் என்றேன். எந்தப் பெண்ணின் தாலியும் இறங்காது என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது.

மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. மீன்சுருட்டிப் பக்கம் ஊராம். அந்தச் சண்டையில் கணவரைப் பறிகொடுத்தவர்.

“நீங்க சொன்னமாதிரி ஒரு நாடு நம்மகூட நின்னிருந்தா, அவரு திரும்பி வந்திருப்பாருங்களா சார்?”

குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சீட்டில் விழுந்த பக்கத்தைப் பேசினேன் என்று சொல்லியிருக்கலாம். கைதட்டிய கூட்டம் சுற்றி நின்றது. “வந்திருப்பாரும்மா” என்றேன்.

“எல்லாரும் விதின்னாங்க. நீங்க ஒருத்தர்தான் தடுத்திருக்கலாம்னு சொன்னீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து ஜெயங்கொண்டத்தில் அதே தலைப்பு. இம்முறை எனக்கு ஆயுதம். ஆபத்தில் எந்த நாடும் துணைக்கு வராது, வரும் என்று சொல்பவன் ஏமாற்றுக்காரன் என்று முழங்கினேன். பேச்சின் பாதியில்தான் பெண்கள் வரிசையில் அவரைப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. பேசி முடித்தேன்.

வெளியே காத்திருந்தார். கூட ஒரு வயதான அம்மா.

“அவரோட அம்மாங்க. உங்க வாயால கேக்கட்டும்னு கூட்டியாந்தேன்.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “அன்னிக்குச் சொன்னது நெஜம் இல்லீங்களா?”

“குடுத்த பக்கத்தப் பேசுறதுதாம்மா. எனக்கு உண்மையில தெரியாது.”

அந்த அம்மாவுக்குக் காது மந்தம். “என்ன சொல்றாரு?” என்று மருமகளின் தோளைத் தொட்டார்.

“ஒண்ணுமில்லத்தே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க.”

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க, மீன்சுருட்டியில் விசாரித்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், இனி வரமாட்டார் என்றார்கள் பக்கத்து வீட்டார். மாமியார் மட்டும் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்துவிட்டு, “எம்மவங்கூட வேல பாத்த தம்பியா?” என்றார்.

இல்லை என்றேன். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினேன். அதன்பிறகும் பல வருடம் பட்டிமன்றம் பேசினேன். போரைப் பற்றி யார் கூப்பிட்டாலும் போகவில்லை.