அக்காவின் நாற்பத்தெட்டு ஓம் ராடு

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பி எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதி முடித்துவிடு என்று வீட்டில் சொன்னார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா அம்பத்தூர் மேனாம்பேட்டில் பிறந்தார். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள் அக்காதான். முடித்த கையோடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தண்ணீர் சுடவைக்கும் ராடு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். நோயில் படுக்கும்வரை அங்கே டெஸ்டிங் மேசையில்தான் இருந்தார். ராடைத் தண்ணீரில் வைத்துக் கரண்ட் கொடுத்து, வோல்டேஜையும் ஆம்பியரையும் மீட்டரில் பார்ப்பார். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் உள்ளே இருக்கும் கம்பியின் ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட். இருநூற்று நாற்பது வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் இழுத்தால் நாற்பத்தெட்டு ஓம், ஆயிரத்து இருநூறு வாட். வந்தால் கையெழுத்துப் போடுவார், வராவிட்டால் ஒதுக்கி வைப்பார்.

மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அக்காவின் கணவர் காலமானார். ஒரே வாரத்தில் அக்கா வேலைக்குத் திரும்பினார். அந்தச் சமயத்தில் சூப்பர்வைசர் ஒருவர், ஒரு பெட்டி ராடைக் கண்டும் காணாமல் விடச் சொன்னாராம். "நம்பர் வர்லன்னா வர்ல சார். நான் இன்னா பண்றது?" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். வேலை போய்விடும் என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். போகவில்லை. அக்கா முன்கோபக்காரர், பிடிவாதக்காரர், அவர் வைக்கும் சாம்பார்கூடச் சுமார்தான். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் வந்தது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இரண்டு மாதம் தாண்டுவதே அதிகம் என்றார். நான் அக்காவிடம், மருந்து நன்றாகக் கேட்கிறதாம் என்று சொன்னேன். அதை நம்பி அவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனிடம், "அவசரப்படாத, கிறிஸ்மஸுக்கு வா போதும்" என்று போனில் சொன்னார். டிக்கெட் போடட்டுமா மாமா என்று அவன் என்னிடம் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் வேண்டாம் என்றவன் நான்.

அப்போது நல்ல புழுக்கம். சாயங்காலம் ஆனால் தெருவில் எல்லா ஏசியும் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். மெஷின் நின்றுவிடுமோ என்பதுதான் அக்காவின் ஒரே பயம். ஒருநாள் அவருக்கு உடம்பு துடைக்க வாளியில் ராடு போட்டிருந்தேன். கம்பெனியிலிருந்து அவரே கொண்டுவந்த ராடு. கைப்பிடியில் 48 என்று அவர் கையால் எழுதியிருக்கும். அதை மாட்டும் பிளக்கின் மேல் வோல்டேஜையும் ஆம்பியரையும் காட்டும் சின்ன மீட்டரையும் அவரே பொருத்தியிருந்தார். படுக்கையிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

"டேய், தண்ணி இன்னும் காயல. வோல்டேஜ் எவ்ளோ காட்டுது?"

நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. "இருநூத்தி இருபதுக்கா" என்றேன்.

"ஆம்பியர்?"

ஆம்பியரில் பயப்பட என்ன இருக்கிறது என்று உள்ளதையே சொன்னேன். "மூணு புள்ளி மூணு."

அக்கா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

"வகுத்தா அறுபத்தாறு வருதுடா. என் ராடு நாப்பத்தெட்டு. கம்பி மாறாது. அப்ப வோல்டேஜ் நூத்தி அறுபதுகூட இல்ல. ஆயிரத்தி இருநூறு வாட் ராடு ஐந்நூத்திச் சொச்சத்துல ஓடிக்கினுகீது. எங்கேர்ந்து காயும்?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"டாக்டர் சொன்னதையும் இப்டித்தான் மாத்திச் சொன்னியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "புள்ளைய வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அவனுக்கு லீவு கிடைத்து வந்து சேர ஐந்து நாள் ஆனது. அக்கா நான்காம் நாள் காலையிலேயே போய்விட்டார். இடையில் போனை அவர் காதில் வைத்தோம், மூச்சுச் சத்தம்தான் போனது. மகனிடம் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. விமான நிலையத்திலிருந்து நேரே கல்லறைக்கு வந்தவன், "ஏன் மாமா?" என்று கேட்டான். இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. காலம் ஆற்றும் என்று ஃபாதர் சொல்கிறார். ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

கரண்ட் நின்றபோதெல்லாம் தம் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த கீழ்வீட்டாருக்கும், முறை வைத்துக் கூட இருந்த எங்கள் பங்குக்கோயில் அன்பியக் குழுச் சகோதரிகளுக்கும், அரைநாள் லீவு போட்டு வந்து பெட்டியைத் தோளில் தாங்கிய கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கம் முடிந்த மறுமாதமே எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். இதை எழுத உட்காருவதற்கு முன் வாளியில் தண்ணீர் பிடித்து அந்த ராடைப் போட்டேன். சீக்கிரமே ஆவி வந்தது. காலிக் கட்டிலைப் பார்த்து மீட்டரை உரக்கப் படித்தேன்.

இருநூத்தி நாப்பதுக்கா. அஞ்சு ஆம்பியர். வகுத்துப் பாத்துக்கோ.