வணக்கம், நன்றி மட்டும் போதுமாம்

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். இடம் கம்பெனியுடையது, டீச்சர்கள் எங்கள் சர்ச் பெண்கள் குழு.

இன்று மதியம் ஹெச்.ஆர். கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்துப் போனேன்.

"மிஸ், கிளாஸ் கொஞ்ச நாள் வேணாம். லைன்ல பேஜாராயிடுச்சு."

நடந்தது இதுதான். தையல் பிரிவில் ஒரு புதுப் பெண்ணை சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். பக்கத்து மிஷினில் இருந்த என் மாணவி மமதா எழுந்து, "அப்டி பேசாதீங்க சார், எனக்குப் புரியுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

"சரியாத்தானே சார் சொல்லியிருக்கா?"

"வணக்கம், நன்றி, லீவு வேணும். இது போதாதா மிஸ்? இவ்ளோ ஜாஸ்தி எதுக்கு?"

"சூப்பர்வைசர்கிட்ட என்ன கேட்டீங்க?"

அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எரிச்சலோடு வெளியே வந்தேன். சாப்பாட்டு நேரம் என்பதால் மமதா கேட் வரை ஓடி வந்தாள்.

"அக்கா, நான் பேசினது தப்பா?"

"தப்பே இல்லம்மா. இலக்கணம்கூட சரியா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஆம்பூர் நண்பர்களே, ஃபேன் உள்ள ஒரு ரூம் கிடைக்குமா? அந்த சூப்பர்வைசரும் தாராளமாக வரலாம். மரியாதையான தமிழை அவருக்கு முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.