மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய்

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன் ஒரு நாளில் அதிகம் சொல்லும் சொல் 'இல்லை'. வரிசையில் கால்கடுக்க நின்ற உங்களுக்குத் தெரியாததா? யுத்த காலத்தில், கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அந்தச் சொல்லை நான் வருடக்கணக்கில் விநியோகித்தேன்.

யன்னல் கூட்டம்

அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை; எங்கள் பிரிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடுவது. அதற்குள் பாக்கியத்தின் மகள் கண்மணிக்கான இன்சுலின் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சீனி வருத்தம். ஊசிமருந்து கெட்டால் பிள்ளை தப்பாது. ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய மண்ணெண்ணெய் வரவில்லை. கேட்டால், பணம் ஒதுக்கவில்லை என்றார்கள்.

தொழிற்சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் விடுவேனா? மருந்து யன்னலில் நின்றபடியே வரிசைக்கு விளக்கினேன். வரவுசெலவுத் திட்டத்தில் யுத்தம்தான் முதல் பந்தியில் சாப்பிடுகிறது. ரூபாய் விழ விழ, வெளிநாட்டிலிருந்து வரும் மருந்து சுருங்குகிறது. கடன் தருகிறவன் ஆஸ்பத்திரிச் செலவைக் குறை என்கிறான். ஒருவரும் கைதட்டவில்லை. முன்னால் நின்ற பாக்கியம் அழுதபடி கேட்டாள்: "அதெல்லாம் சரி அண்ணன். புள்ளைர ஊசிமருந்து இப்ப குளிரா இரிக்கா?"

வெறும் போத்தல்

இருமலுக்குக் கொடுக்கும் பாணி மருந்தை ஊற்றப் போத்தல் நோயாளிதான் கொண்டுவர வேண்டும். மறுநாள் வந்த போத்தல்கள் வெறுமையாக வரவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய், வீட்டு விளக்குக்கு வைத்திருந்தது. அந்தப் பக்கத்துக்கு அதையும் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் அளந்துதான் விடுவார்கள்.

என் பேச்சு வீண்போகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வட்டையில் உழுதுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்த கந்தப்பர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "உங்கட பேச்சு ஒண்டும் விளங்கல்ல மனே. பாக்கியம் அழுதது விளங்கிச்சு."

மணம்

பிரிட்ஜ் ஓடியது. ஆனால் எண்ணெயை ஊற்றிவிட்டு அதே போத்தலையே மருந்துக்கும் நீட்டினார்கள். கழுவிக்கொண்டு வரச்சொல்லித் திட்டினேன். சவர்க்காரம் போட்டும் மணம் போகவில்லை. கந்தப்பர் மறுகிழமை வந்தார்: "இருமல் நிண்டிட்டு மனே. பீடி பத்தத்தான் பயமாக் கிடக்கு."

பகல் படிப்பு

ஆஸ்பத்திரிக்கு மண்ணெண்ணெய் லொறி வரும்வரை ஊர் அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஊசி போட வந்த கண்மணியின் கையிலும் ஒரு போத்தல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, வீட்டுக்கே கொண்டுபோ என்றேன். அவள் அதை யன்னலில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லார் ஊட்டையும் இருட்டு மாமா. எங்கட ஊட்ட மட்டும் விளக்கெரிஞ்சா வெக்கமில்லையா? நான் பகல்ல படிக்கன்."

நாடு சுகாதாரத்துக்கு என்ன செலவழித்தது என்று நான் எத்தனையோ துண்டுப்பிரசுரம் எழுதிவிட்டேன். பொழுதுபடுமுன் சோறு தின்று இருட்டில் படுத்த அந்த ஊரின் செலவை எந்தத் தலைப்பில் போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.